பொருளின் தோற்றத்தை மாற்றும் கட்டளை: புதிதாக எழுதுவதா, வேறு பொருளாக்குவதா, நிலையைக் கேட்பதா?

பினாங்கில் தமிழில் உரை விளையாட்டு (திரையில் வரும் எழுத்தைப் படித்து, கட்டளைகளைத் தட்டி ஆடுவது) எழுதத் தொடங்கியிருப்பவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். அறைகளை எழுதிவிட்டார்கள். குவீன் தெருவின் மகா மாரியம்மன் கோயில் வாசல், லிட்டில் இந்தியாவின் ஐந்தடி நடைபாதை, தண்ணீர்மலைப் படிக்கட்டு எல்லாம் தயார். பொருள்களையும் வைத்துவிட்டார்கள். அடுத்து அந்தப் பொருள்கள் மாற வேண்டும். விளக்கை ஏற்றினால் அது எரிய வேண்டும். தேங்காயை உடைத்தால் அது உடைந்து கிடக்க வேண்டும். மல்லிகைச் சரம் சாயங்காலத்துக்குள் வாட வேண்டும். கடைப்பலகையில் விளையாடுபவர் தாமே ஒரு பெயரை எழுத வேண்டும்.

இதற்கு எந்தக் கட்டளை என்று கேட்டால் மூன்று விதமான பதில் கிடைக்கும். வருணனையையே புதிதாக எழுதிவிடு என்பார் ஒருவர். பழைய பொருளை வேறு பொருளாக மாற்று என்பார் இன்னொருவர். பொருளின் நிலையை மட்டும் குறித்து வை, பார்க்கும்போது வருணனை அதற்கேற்ப அமையட்டும் என்பார் மூன்றாமவர். மூன்றும் வேலை செய்வதால் தேர்ந்தெடுப்பது கடினமாகிறது.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இது பெரும்பாலும் வசதியைப் பொறுத்த கேள்வி. தமிழில் அப்படி இல்லை. நம் மொழியின் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்று உருமாறுவதால், தவறான வழியைத் தேர்ந்தால் விளையாட்டு ஒவ்வொரு வரியிலும் கொச்சையாகப் பேசும். பிள்ளைகள் விளையாடப்போகும் விளையாட்டு தமிழைப் பிழையாகப் பேசக் கூடாது என்பதில் எனக்குச் சமரசம் கிடையாது. ஆகவே இந்த ஒப்பீட்டில் அதற்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

தோற்றம் என்று ஒரே சொல்லால் சொன்னாலும், உரை விளையாட்டில் ஒரு பொருள் நான்கு இடங்களில் தென்படுகிறது. கையிருப்புப் பட்டியலில் வரும் குறும்பெயர் ஒன்று. தரையில் கிடக்கும்போது அறையின் வருணனையோடு சேர்ந்து வரும் வரி இரண்டாவது. 'பார்' என்று தட்டினால் கிடைக்கும் விரிவான வருணனை மூன்றாவது. நான்காவது திரையில் தெரியாது. அந்தப் பொருளை விளையாடுபவர் எந்தெந்தச் சொற்களால் அழைக்கலாம் என்ற பட்டியல் அது. அவற்றை அழைப்புச் சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். பலர் சேர்ந்து ஆடும் பழைய டிக்குமட் குடும்பத்து விளையாட்டுகள் இந்த நான்கையும் தனித்தனிச் சரங்களாகவே, அதாவது எழுத்துத் தொடர்களாகவே, வைத்திருக்கின்றன.

முதல் அளவுகோல் இதிலிருந்தே வருகிறது: நான்கும் ஒன்றாக மாறுகின்றனவா? மூன்றை மாற்றி நான்காவதை விட்டுவிட்டால், திரையில் 'தேங்காய் மூடி' என்று இருக்கும். விளையாடுபவர் 'மூடியை எடு' என்று தட்டுவார். 'அப்படி எதுவும் இங்கே இல்லை' என்று பதில் வரும். புதிதாக விளையாட வந்தவர் எழுந்து போவதற்கு இது ஒன்றே போதும்.

இரண்டாவது, வேற்றுமை. விளக்கு, விளக்கை, விளக்கில், விளக்குக்கு. கோலம், கோலத்தை, கோலத்தில். விளையாட்டு பேசும்போதும் இந்த வடிவங்கள் வேண்டும், விளையாடுபவர் தட்டுவதைப் புரிந்துகொள்ளவும் வேண்டும். 'கோலம்' என்ற சொல்லின் பின்னால் 'ஐ' ஒட்டினால் 'கோலமை' ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் அதன் வேற்றுமை வடிவங்களைக் கையால் எழுதிச் சேமிப்பதே நம்பகமான வழி. பெயர் மாறினால் அந்த வரிசை முழுவதும் மாற வேண்டும்.

மூன்றாவது, நிலைப்பு. சர்வரை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் மாற்றம் தங்குமா? நான்காவது, திரும்பும் வழி. ஏற்றிய விளக்கை அணைத்தால் பழைய தோற்றம் சரியாகத் திரும்புமா, அல்லது பழைய வருணனையை யாராவது நினைவில் வைத்து மீண்டும் எழுத வேண்டுமா? ஐந்தாவது, உழைப்பு யாருடையது? விளையாட்டுக்குள்ளிருந்தே ஒரு தமிழாசிரியர் செய்யக்கூடியதா, நிரல் தெரிந்தவர் வந்து செய்ய வேண்டியதா?

## வழி ஒன்று: வருணனையைப் புதிதாக எழுதும் கட்டளை

மிகப் பழைய வழி இது. 1989இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் எழுதிய டைனிமட் விளையாட்டில், யார் வேண்டுமானாலும் பொருளை உருவாக்கலாம், அதற்கு வருணனை எழுதலாம். உலகை விளையாடுபவர்களே எழுதுவது என்பது அதன் அடிப்படை. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. பைத்தான் நிரல்மொழியில் அமைந்த எவெனியா என்ற உரை விளையாட்டுக் கருவியில் 'டெஸ்க்' என்ற கட்டளை இதைத்தான் செய்கிறது. டிக்குமட் வழிவந்த ஆர்ஓஎம் நிரலில் நிர்வாகிகளுக்கான 'ஸ்டிரிங்' கட்டளை ஒரு பொருளின் அழைப்புச் சொல், குறும்பெயர், நீள்வரி (தரையில் கிடக்கும்போது வரும் வரி) ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றும்.

வசதி கண்கூடானது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும், முன்தயாரிப்பு எதுவும் தேவையில்லை. விளையாட்டு எழுதியவர் எதிர்பார்க்காத தோற்றத்தையும் கொடுக்கலாம். மற்ற இரு வழிகளாலும் முடியாதது இந்தக் கடைசி அம்சம். லெபோ பசாரில் ஒரு கடை, அதன் பலகையில் விளையாடுபவர் தம் பாட்டியின் பெயரை எழுத வேண்டும் என்றால், அந்தப் பெயரை முன்கூட்டியே யாரும் எழுதி வைத்திருக்க முடியாது.

மறைந்திருக்கும் செலவுகள் பல. முதலாவது, பழைய வருணனை அழிந்துபோகும். விளக்கை ஏற்றும்போது 'சுடர் அசைகிறது' என்று எழுதிவிட்டால், அணைக்கும்போது பழைய வரிகளை ஸ்கிரிப்ட்டுக்குள் (பொருளோடு கட்டிய சிறு நிரலுக்குள்) மீண்டும் ஒரு முறை எழுதி வைத்திருக்க வேண்டும். நாளை மூல வருணனையில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால், ஸ்கிரிப்ட்டுக்குள் இருக்கும் பிரதி திருந்தாது. ஒரே வருணனை இரண்டு இடங்களில் வாழத் தொடங்கிய நாளிலிருந்து அவை இரண்டும் விலகிக்கொண்டே போகும்.

இரண்டாவது நிலைப்பு. எவெனியாவில் கவலை இல்லை, மாற்றம் உடனே தரவுத்தளத்தில் சேர்கிறது. ஆர்ஓஎம் நிரலில், விளையாடுபவர் கையில் இருக்கும் பொருளின் சரங்கள் அது பிறந்த வார்ப்பிலிருந்து, அதாவது மூல அச்சிலிருந்து, வேறுபட்டிருந்தால் அவரது கோப்பில் எழுதப்படும். ஆனால் 1993இல் வெளிவந்த, அதே டிக்குமட் குடும்பத்துச் சர்க்கிள்மட்டின் மூல வடிவில், சேமிக்கும் கோப்பு பொருளின் எண்ணையும் சில மதிப்புகளையும் மட்டுமே வைத்துக்கொள்ளும். பெயருக்கு அதில் இடமே இல்லை. விளையாடுபவர் வெளியேறித் திரும்பி வந்தால் பாட்டியின் பெயர் இருக்காது. அந்தக் குடும்பத்தில் விளையாட்டை அமைக்க நினைப்பவர்கள், மாறிய சரங்களையும் சேமிக்கும் டிபிஏமட் போன்ற பிற்கால வடிவத்தையே எடுக்க வேண்டும்.

சர்க்கிள்மட் நிரலைத் தொடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே வார்ப்பிலிருந்து பிறந்த பொருள்கள் எல்லாம் ஒரே சரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றின் பெயரை மாற்றும்போது அதற்கெனப் புதிய பிரதி எடுக்காமல் அந்த இடத்திலேயே எழுதினால், ஊரில் உள்ள அத்தனை பலகைகளிலும் பாட்டியின் பெயர் வந்துவிடும்.

மூன்றாவது, தமிழுக்கே உரிய சிக்கல். விளையாடுபவர் எழுதும் பெயருக்கு வேற்றுமை வடிவங்களை அவரிடமே கேட்பது முறையல்ல. நிரலால் ஊகிக்க முயன்றால் பல பெயர்களில் தவறும். இதற்குத் தமிழிலேயே நல்ல வழி இருக்கிறது. அவர் எழுதியதை மேற்கோள் குறிக்குள் வைத்து, 'என்ற' சேர்த்து, பொதுப்பெயரைப் பின்னால் நிறுத்துவது. “'மீனாட்சி ஸ்டோர்' என்ற பலகையைத் தொடுகிறாய்.” எழுதப்பட்ட பெயர் எதுவானாலும் வேற்றுமை 'பலகை' மேல்தான் விழும், வாக்கியம் குலையாது. அழைப்புச் சொல்லாகவும் 'பலகை' எப்போதும் இருக்க வேண்டும்.

நான்காவது நீளம். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் (கணினியின் சேமிப்பு அலகு) எடுக்கிறது. 'கு' என்பது ககரமும் உகரக் குறியும் சேர்ந்தது என்பதால் ஆறு பைட். சர்க்கிள்மட்டில் ஓர் உள்ளீட்டு வரிக்கு 256 பைட் என்று இருப்பது ஆங்கிலத்துக்குத் தாராளம். தமிழுக்கு 85 குறிகள்தாம், கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் அதைவிடக் குறைவு. எல்லையைப் பைட் கணக்கில் வெட்டினால் கடைசி எழுத்து உடைந்து கேள்விக்குறியாக நிற்கும். எழுத்துக் கணக்கில் வெட்டுங்கள். எவெனியாவில் நேர்க்கோட்டுக் குறி (|) நிறத்தை மாற்றும் அடையாளம் என்பதால், விளையாடுபவர் எழுதியதில் அது இருந்தால் திரையில் காட்டும் முன் செயலிழக்கச் செய்யுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான விளையாட்டானால், எழுதப்படுவதை ஆசிரியர் ஒருவர் பார்த்து அனுமதிக்கும் ஏற்பாடும் இந்த வழியின் செலவில் சேரும்.

## வழி இரண்டு: வேறு பொருளாக மாற்றுவது

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்திலிருந்து 1991இல் வெளிவந்த டிக்குமட்டில், பொருள்கள் எண்ணிட்ட வார்ப்புகளிலிருந்து பிறக்கின்றன. உலகைக் கட்டுபவர்கள் வார்ப்புகளை எழுதுவார்கள், விளையாடுபவர்கள் அவற்றைப் பயன்படுத்துவார்கள். அந்த மரபில் தோற்றத்தை மாற்றுவது என்றால் ஒரு வார்ப்பிலிருந்து இன்னொரு வார்ப்புக்குத் தாவுவது. சர்க்கிள்மட்டோடு சேர்த்துப் பயன்படுத்தும் டி.ஜி. ஸ்கிரிப்ட் மொழியின் 'ஓ-டிரான்ஸ்ஃபார்ம்' கட்டளை அதற்குத்தான் இருக்கிறது. புதிய வார்ப்பின் எண்ணைக் கொடுத்தால், பெயர், வருணனை, அழைப்புச் சொற்கள், எடை, வகை என எல்லாமே அந்த வார்ப்புக்கு உரியவையாகிவிடும். பொருள் இருந்த இடமும், அதை வைத்திருப்பவரும், அதற்குள் இருக்கும் பொருள்களும் மாறுவதில்லை.

நான்கு இடங்களும் ஒன்றாக மாறுவது இதன் பெரிய பலம். தேங்காயை உடைத்ததும் 'தேங்காய் மூடி' என்ற வார்ப்புக்குத் தாவினால், அதன் எல்லா வேற்றுமை வடிவங்களும் அழைப்புச் சொற்களும் அந்த வார்ப்பில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். ஒருவர் உட்கார்ந்து நிதானமாக எழுதி, இன்னொருவர் படித்துத் திருத்திய தமிழ் அது. நிலைப்பிலும் கவலை இல்லை. சேமிக்கப்படுவது எண் என்பதால், மூல சர்க்கிள்மட்டில்கூட கையிருப்பில் உள்ள மூடி மூடியாகவே திரும்பி வரும்.

செலவு எங்கே? ஓ-டிரான்ஸ்ஃபார்ம் பொருளின் உடலை மாற்றினாலும், பழைய பொருளோடு கட்டப்பட்டிருந்த ஸ்கிரிப்ட்டை அதனிடமே விட்டுவிடுகிறது. தேங்காய்க்கு 'உடை' என்ற ஸ்கிரிப்ட் இருந்தால் மூடிக்கும் அது இருக்கும். விளையாடுபவர் மூடியை மறுபடி உடைத்தால் மறுபடி மூடி. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே பொருளின் எண்ணைச் சோதித்துவிடுவது நல்லது. மேலும் ஒரு தேங்காய் இரண்டு மூடிகளாக வேண்டும். ஒன்றை உருமாற்றி, இரண்டாவதை 'லோட்' கட்டளையால் புதிதாக உருவாக்க வேண்டும். தைப்பூசத்தில் தேருக்கு முன்னால் உடைக்கும் சிதறுதேங்காய் என்றால் தெருவெங்கும் சில்லு. அதற்குச் 'சில்லுகள்' என்ற ஒரே பொருளாக உருமாற்றுவது போதும், ஒவ்வொரு சில்லையும் தனிப்பொருளாக்க வேண்டியதில்லை.

ஒருவர் மட்டும் ஆடும் விளையாட்டுகளை எழுத உதவும் இன்ஃபார்ம் 7 போன்ற கருவிகளில் இந்த உருமாற்றக் கட்டளை கிடையாது. தேங்காயை மேடைக்கு வெளியே அனுப்பி, முன்பே எழுதி வைத்த மூடியை உள்ளே கொண்டுவருவார்கள். அங்கே இடமும் உரிமையும் தாமாக வந்து சேராது. தேங்காய் கூடையில் இருந்ததா, கையில் இருந்ததா, தரையில் இருந்ததா என்று பார்த்து மூடியை அதே இடத்தில் வைக்க வேண்டும். 'அதை எடு' என்று விளையாடுபவர் தட்டினால் 'அது' இன்னும் காணாமல் போன தேங்காயையே சுட்டிக்கொண்டிருக்கலாம். அதையும் திருத்த வேண்டும்.

இந்த வழியின் பெரிய ஆபத்து பெருக்கம். இரண்டு நிலை என்றால் இரண்டு வார்ப்பு. விளக்குக்கு எரிவது, எரியாதது, எண்ணெய் உள்ளது, இல்லாதது, துலக்கியது, துலக்காதது என்று மூன்று குணங்கள் சேர்ந்தால் எட்டு வார்ப்பு. எட்டுக்கும் வேற்றுமை வரிசை, எட்டுக்கும் வருணனை, பிழை திருத்தவும் எட்டு இடம். குணங்கள் ஒன்றோடொன்று கூடக்கூடிய பொருளுக்கு இந்த வழியை எடுக்கவே கூடாது.

## வழி மூன்று: நிலையைக் கேட்டுப் பேசும் வருணனை

இங்கே பொருளின் வருணனையை யாரும் மாற்றுவதில்லை. பொருளிடம் 'எரிகிறதா' என்ற ஒரு குறிப்பு மட்டும் மாறுகிறது. யாராவது பார்க்கும் கணத்தில், வருணனை அந்தக் குறிப்பைக் கேட்டுத் தன்னை அமைத்துக்கொள்கிறது.

கிரஹாம் நெல்சன் 1993இல் தொடங்கிய இன்ஃபார்ம், 2006இல் இன்ஃபார்ம் 7 ஆகப் புது உருவம் எடுத்தபோது, அவர் இதை வருணனைக்குள்ளேயே சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும்படி அமைத்தார். விளக்கு எரிந்தால் இந்த வாக்கியம், இல்லாவிட்டால் அது. அழைப்புச் சொற்களுக்கும் நிபந்தனை வைக்கலாம். விளக்கு எரியும்போது மட்டும் 'சுடர்' என்ற சொல்லையும் அது ஏற்கும். டைனிமட் வழிவந்த மஷ் குடும்பத்து விளையாட்டுகளில் வருணனைச் சரத்துக்குள்ளேயே நிரல் எழுதலாம். பார்க்கும்போது அது இயங்கும், பார்ப்பவர் யார் என்பதும் அதற்குத் தெரியும். எவெனியாவில் பொருளின் பெயரையும் வருணனையையும் தரும் செயற்கூறுகளை (சிறு நிரல் பகுதிகளை) மேலெழுதி அமைக்க வேண்டும். சொடுக்கிப் படிக்கும் கதைகளை எழுதும் டுவைன் கருவியில் மாறியும் (நிலையைக் குறித்து வைக்கும் பெயர்) நிபந்தனையும் போதும். அங்கே விளையாடுபவர் எதையும் தட்டுவதில்லை, சொடுக்குவதோடு சரி. ஆகவே அழைப்புச் சொல் என்ற சுமையே இல்லை.

தமிழுக்கு இந்த வழி ஏன் இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் மொழியில் அடைமொழி வேற்றுமை ஏற்பதில்லை. 'எரியும் விளக்கு', 'எரியும் விளக்கை', 'எரியும் விளக்கில்'. 'அணைந்த விளக்கு', 'அணைந்த விளக்கை', 'அணைந்த விளக்கில்'. மாறுவது முன்னால் நிற்கும் பெயரெச்சம் மட்டும். விளக்கின் வேற்றுமை வரிசையை ஒரே முறை எழுதினால் போதும், அதன் முன்னால் நிலைக்கேற்ற பெயரெச்சத்தை ஒட்டிக்கொள்ளலாம். ஒற்று மிகுமா என்ற அச்சமும் இங்கே பெரும்பாலும் இல்லை. 'வாடிய சரம்', 'கலைந்த கோலம்', 'உடைந்த பலகை' எதிலும் மிகாது. 'எரியாத பந்தம்' என்பதிலும் மிகாது. 'எரியாப் பந்தம்' என்று ஈறு கெடுத்தால்தான் மிகும். ஆகவே முழுப் பெயரெச்சமாகவே எழுதுங்கள். 'வெள்ளி' போன்ற பெயர்ச்சொல்லை அடையாக வைத்தால் 'வெள்ளித் தேர்' என்று ஒற்று எழும். அப்படிப்பட்ட அடைகளை நிரலிடம் விடாமல் பெயரோடு சேர்த்தே எழுதிவிட வேண்டும்.

இதிலிருந்துதான் நான் எல்லாரிடமும் சொல்லும் சோதனை வருகிறது. மாற்றத்துக்குப் பிறகு அந்தப் பொருளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தலைச்சொல் அப்படியே இருந்து அடைமொழி மட்டும் மாறினால் மூன்றாம் வழி. தலைச்சொல்லே மாறினால் இரண்டாம் வழி. விளக்கு அணைந்தாலும் விளக்குதான். மாலை வாடினாலும் மாலைதான். தேங்காய் உடைந்தால் கையில் இருப்பது மூடி.

பல குணங்கள் கூடும்போது ஒரு கவனம் தேவை. 'எண்ணெய் வற்றி, திரி கருகி, கரி படிந்த விளக்கு' என்று வினையெச்சங்களைக் கோத்து எழுத ஆசை வரும். அழகான வாக்கியம்தான். ஆனால் கோவையின் கடைசிச் சொல் மட்டும் பெயரெச்சமாக இருக்க வேண்டும், எது கடைசி என்பது அன்றைய நிலையைப் பொறுத்தது. நிரல் அதையெல்லாம் கணக்கிட வேண்டும். அதைவிட ஒவ்வொரு குணத்துக்கும் தனி வாக்கியம் எழுதிவிடுங்கள். 'குத்துவிளக்கு எரிகிறது. எண்ணெய் அடிவரை வற்றியிருக்கிறது. தண்டில் கரி படிந்திருக்கிறது.' மூன்று குணத்துக்கு ஆறு வாக்கியம், எட்டு நிலைகளையும் அவையே தாங்கும். பட்டியல் பெயரில் முதன்மையான ஒரே ஓர் அடைமொழி போதும்.

காலத்தால் மாறும் பொருள்களுக்கு இந்த வழியின் பயன் இன்னும் பெரிது. பூக்கடையில் ஐம்பது மல்லிகைச் சரம் தொங்குகிறது. முதல் வழியில் ஒவ்வொன்றுக்கும் நேரம் எண்ணும் ஸ்கிரிப்ட் ஓட வேண்டும். இங்கே சரம் கட்டப்பட்ட நேரத்தை மட்டும் குறித்து வைத்து, பார்க்கும்போது கழித்துப் பார்த்தால் போதும். மொட்டா, மலர்ந்ததா, வாடியதா என்பது அப்போது தெரிந்துவிடும். யாரும் பார்க்காத சரத்துக்கு எந்த வேலையும் இல்லை.

அதன் மறுபக்கம், மாற்றம் நிகழும் கணத்தை இந்த வழி அறிவதில்லை. 'உன் கூந்தலில் இருந்த சரம் வாடிவிட்டது' என்று தானாக ஒரு வரி வர வேண்டுமானால், தனியாக நேரம் எண்ணியே ஆக வேண்டும். டிக்கு குடும்பத்தில் வருணனை நிலையான சரம் என்பதால், 'பார்' கட்டளையை ஸ்கிரிப்ட்டால் இடைமறித்துத்தான் இதைச் செய்ய முடியும். அப்போதும் பட்டியல் பெயர் மாறாது. எவெனியாவில் பைத்தான் தெரிந்த ஒருவர் முதலில் அமைத்துத் தர வேண்டும். தமிழாசிரியர் மட்டும் உள்ள குழுவுக்கு அந்தத் தொடக்கம்தான் தடை. ஒரு முறை அமைத்துவிட்டால், பிறகு ஆசிரியர்கள் வாக்கியங்களை மட்டும் எழுதிக்கொண்டு போகலாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | புதிதாக எழுதுதல் | வேறு பொருளாக்குதல் | நிலையைக் கேட்டல் |
|---|---|---|---|
| நான்கு இடங்களும் ஒன்றாக மாறுமா | ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும் | தானாக மாறும் | ஒரு முறை அமைத்தால் மாறும் |
| வேற்றுமை | 'என்ற' சேர்த்துச் சமாளிக்கலாம் | வார்ப்பிலேயே சரியாக இருக்கும் | தலைச்சொல் மாறாததால் சிக்கல் இல்லை |
| மறுதொடக்கத்துக்குப் பின் | கருவியைப் பொறுத்தது | தங்கும் | குறிப்பைச் சேமித்தால் தங்கும் |
| பழைய நிலைக்குத் திரும்புதல் | கடினம் | இன்னொரு உருமாற்றம் | மிக எளிது |
| பல குணங்கள் கூடினால் | குழப்பம் | வார்ப்புகள் பெருகும் | தாங்கும் |
| எதிர்பாராத உரை | முடியும் | முடியாது | முடியாது |
| யார் செய்யலாம் | எவரும் | உலகைக் கட்டுபவர் | தொடக்கத்தில் நிரலாளர் |

## கருவியைத் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு

மேலே சொன்னவை எல்லாம் தமிழ் எழுத்து உள்ளே வந்து சேர்ந்த பிறகுதான் பொருந்தும். மூல சர்க்கிள்மட், ஆர்ஓஎம் இரண்டிலும், உள்ளீட்டை வாங்கும் பகுதி ஆங்கில எழுத்துத் தொகுதிக்கு வெளியே உள்ள பைட்டுகளை வடிகட்டி எறிந்துவிடுகிறது. 'விளக்கை ஏற்று' என்று தட்டினால் சர்வருக்குப் போய்ச் சேருவது வெற்றிடம். அந்தச் சோதனையை நீக்கலாம். ஆனால் அழைப்புச் சொற்களை ஒப்பிடும் பகுதியும் ஆங்கில எழுத்துகளை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. சி மொழியில் கை பழகியவர் உங்கள் குழுவில் இல்லையென்றால், தமிழ்க் கட்டளைகளோடு இந்தக் குடும்பத்தில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இன்ஃபார்மில் தானாக வரும் பதில்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தமிழில் எழுத வேண்டும். இன்ஃபாகாம் நிறுவனம் 1979இல் வடிவமைத்த, விளையாட்டுக் கோப்புகளை இயக்கும் இசட்-மெஷினுக்கு ஏற்ப விளையாட்டைத் தொகுத்தால் இன்னொரு சுவர் உண்டு. அதன் பிற்காலப் பதிப்புகளிலும் அகராதிச் சொல் ஒன்பது உள்குறிகளோடு (அது எழுத்தைச் சேமிக்கும் அலகுகளோடு) நின்றுவிடும். இயல்பான அமைப்பில் ஒரு தமிழ்க் குறிக்கு நான்கு உள்குறி செலவாகும். 'விளக்கு', 'விசிறி', 'விறகு' மூன்றும் அதற்கு ஒன்றே.

பலர் சேர்ந்து விளையாட வேண்டும், தமிழில் தட்ட வேண்டும் என்றால் என் தேர்வு எவெனியா. பைத்தான் 3 யூனிகோடை இயல்பாகவே கையாள்கிறது. உலாவியிலேயே விளையாடலாம் என்பதால் எழுத்துகள் ஒழுங்காகத் தெரியும். கைப்பேசியில் செல்லினம், கணினியில் முரசு அஞ்சல் என்று நம் பிள்ளைகள் பழகிய விசைப்பலகைகளாலேயே தட்டலாம். செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களை யூனிகோடில் இரண்டு விதமாக அமைக்கலாம். 'கொ' என்பதன் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஒப்பீட்டில் வேறு. தட்டியதையும் அழைப்புச் சொற்களையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கிய பிறகே ஒப்பிடுங்கள். பைத்தானின் யூனிகோடு நூலகத்தில் அதற்கான செயற்கூறு இருக்கிறது.

ஒருவர் மட்டும் படித்துப் போகும் கதை, எழுதுபவர் ஆசிரியர் ஒருவரே என்றால் டுவைன் போதும். மூன்றாம் வழி அங்கே முதல் நாளிலேயே கைகூடும்.

## ஒரே பொருளுக்கு இரண்டு வழி தேவைப்பட்டால்

எளிய பொருள்களை முடித்துவிட்டீர்கள். விளக்கும் சரமும் மூன்றாம் வழி, தேங்காய் இரண்டாம் வழி, கடைப்பலகை முதல் வழி. கடினமானது வாசல் கோலம். விளையாடுபவர் தாம் போட்ட கோலத்தைத் தம் சொற்களில் வருணிக்க வேண்டும். மழை வந்தால் அது கலைய வேண்டும். யாராவது பெருக்கினால் மறைய வேண்டும்.

தலைச்சொல் சோதனையை வைத்துப் பாருங்கள். புதிய கோலம், மழையில் கலைந்த கோலம். தலைச்சொல் மாறவில்லை, ஆகவே அடித்தளம் மூன்றாம் வழி. விளையாடுபவர் எழுதிய வரிகள் முதல் வழியில் வரும், ஆனால் அவை வருணனையின் இடத்தில் உட்காரக் கூடாது. 'கோலத்தின் வடிவம்' என்ற தனிக் குறிப்பில் இருக்க வேண்டும். கோலம் புதிதாக இருக்கும்வரை வருணனை அந்தக் குறிப்பை எடுத்துக் காட்டும். மழை பெய்த பின் அதைக் காட்டாமல் 'மாவு கரைந்து, புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன' என்று மட்டும் சொல்லும். குறிப்பு அழியாததால், போட்டவர் வந்து 'கோலத்தைத் திருத்து' என்று தட்டினால் அவருடைய வரிகள் அப்படியே மீளும். பெருக்கும்போது கோலம் என்ற பொருளை அகற்றிவிட்டு, 'பெருக்கிய தடம் இருக்கிறது' என்ற குறிப்பை வாசலிடம் கொடுங்கள். வாசலின் வருணனையில் வெள்ளைத் தடம் ஒரு வாக்கியமாக வரும், அடுத்தவர் அதே இடத்தில் புதுக் கோலம் போடலாம்.